பத்தில் ஒரு கன அடி

டெய்லர் ஜுனைதீன் முடியாதென்று சொல்லிவிட்டார்.
"துணியென்றால் கத்தரிக்கோலுக்குக் கட்டுப்படும்.
இது உடையும், தங்கச்சி."
ஆகவே எனக்கு அளவெடுத்தது
மில்லின் மர பாஸ் சிறிபால,
காதில் செருகிய தட்டைப் பென்சிலால்.
நீளம், அகலம், கனம்.
கனத்தில் கொஞ்சம் தயங்கி
கோடு போட்டுவிட்டார்.

நான் அங்கே கணக்கெழுதுகிறவள்.
லொறி வந்தால் சுற்றளவைக் கூப்பிடுவார்கள்,
கன அடியாக்கிப் புத்தகத்தில் ஏற்றுவேன்.
டர்பன்டைன், சவுக்கு, பைன்
மூன்றையும் மூக்காலேயே பிரிப்பேன்.
ஆறு வருடம்.
எங்கள் லயத்துக் கதவு இன்னும் தகரம்.

ஏப்ரல் சீசன் ஊர்வலத்துக்கு
மரஆலைச் சங்கம் கூட்டம் போட்டது.
பூக்காரருக்குப் பூ இருக்கிறது.
தேயிலைக்காரருக்குக் கூடை சுமந்த பெண் இருக்கிறாள்
பெட்டியிலும் பஸ்ஸின் முதுகிலும் சிரித்தபடி.
நமக்கு என்ன இருக்கிறது, என்று
விக்ரமபால முதலாளி கேட்டாராம்.
யாரோ ஒருவர்
கண்ணாடி வழியே என் மேசையைப் பார்த்தார்.

சவுக்கை அவித்து, சுழற்றி, உரித்தார்கள்.
பாய் விரிவதுபோல் விரிந்தது மரம்,
வெளிச்சத்தில் பிடித்தால் விரல் தெரிகிற மெலிசு.
உள்ளே துணி ஒட்டி
ஓரம் நெடுக முப்பத்திரண்டு ஆணி
(முனை மடக்கியிருக்கு, பயப்படாதே).
தலைக்குச் சீவுளிச் சுருளால் தொப்பி.
உட்காரக் கூடாது. மூச்சு பாதி போதும்.
சிரிக்கலாம், அதனால் வெடிப்பு வராது.

காய்ந்தால் பிளக்குமென்று
மலைக்கு மருந்தடிக்கும் டாங்கியை மாட்டிக்கொண்டு
சந்திரபோஸ் என்மேல் தண்ணீர் அடித்தபடி நின்றான்.
"மன்னிச்சுக்க திலகேஸ்,
வாடை போகல, மூணு தரம் கழுவிட்டேன்."
லொறி நகர்ந்தது.
நுவரெலியா முழுக்க ஸ்வெட்டர் போட்ட கொழும்பு.
ஒலிபெருக்கி சிங்களத்தில் மரக் கவுன் என்றது,
ஆங்கிலத்தில் இன்னும் நீளமாய் ஏதோ.
தமிழில் மட்டும்
மரப்பாவை.

பாவைக்கு மூத்திரம் முட்டியது.

கிரகரி வாவித் திருப்பத்தில் மழை.
நம்மூர் மழை, சொல்லிக்கொண்டு வராது.
பேண்ட் வாத்தியம் ஓடியது. குதிரை ஓடியது.
சங்கத்தின் பதாகையைப் பிடித்தவர்கள்
பதாகைக்குள்ளேயே ஒதுங்கினார்கள்.
எனக்கு இறங்க முழங்கால் மடங்க வேண்டும்,
முழங்காலில் மரம்.
சந்திரபோஸ் பழக்கதோஷத்தில்
மழையிலும் அடித்துக்கொண்டிருந்தான்.
"ஒன்றும் ஆகாது, அது மரம்!" என்று
ஜீப்புக்குள்ளிருந்து முதலாளி கத்தினார்.

உண்மைதான், ஒன்றும் ஆகவில்லை.
ஊறி ஊறி
முதல்தடவையாக அது என் இடுப்பை ஒத்துக்கொண்டது.
முழங்காலுக்கு வழிவிட்டது.
லொறித் தட்டில், கொட்டுகிற மழையில்
நான் உட்கார்ந்தேன்.
வேறென்ன நடந்ததென்று
மழைக்கும் எனக்கும் தெரியும்.

மில்லுக்கு வந்து பொய்லர் பக்கத்தில் அப்படியே இருந்தேன்.
இரண்டு பிளேன்டீ, வெல்லத்துண்டு கடித்து.
யாரும் கழற்ற வரவில்லை,
எல்லாரும் பதாகையைப் பிழிந்துகொண்டிருந்தார்கள்.
பாஸ் உளியோடு வந்தபோது
மேலேயே காய்ந்துவிட்டிருந்தது.
முதுகு ஆணிகளை ஒவ்வொன்றாய்த் தட்டி
நண்டு ஓட்டிலிருந்து எடுப்பதுபோல் எடுத்தார்.

அது இப்போது நிற்காது.
தொங்கவிட்டால் முழங்கால் முன்னே நீட்டிக்கொள்கிறது.
நான் இருந்த இருப்பு அதில் ஏறிவிட்டது,
இடது தோள் சற்றுச் சாய்ந்து, குளிருக்கு ஒடுங்கி.
வேறு வழியின்றி
வரவேற்பறையில் ஒரு கதிரை போட்டு
அதை உட்கார வைத்திருக்கிறார்கள்.
பலகை வாங்க வருகிறவர்கள்
முதலில் அதனிடம்தான் விலை கேட்கிறார்கள்.

கழிவில் எழுதிவிடு என்றார் முதலாளி.
நான் கணக்குப் பார்த்தேன்:
சவுக்கு, பத்தில் ஒரு கன அடி.
பத்தி பத்தியாய்ப் புரட்டி, கடைசியில்
கையிருப்பில் ஏற்றினேன்.
தரம் என்ற இடத்தில்
பாஸைப்போலவே ஒரு கோடு.